லாரி நிற்கும் இடமே ஏவுதளம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ராணுவ லாரிகளின் டயர்களைப் பற்றி எழுதியபோது, ஏவுகணை சுமக்கும் டாட்ரா வண்டியையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் டயரைப் பற்றி ஒன்றுமில்லை, எல்லாம் ஏவுகணைதான். சரி, இந்த இதழ் அதற்கே இருக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக 24 வருடம் இருந்தவன். ஏவுகணைப் படையில் இருந்ததில்லை. கனரக வண்டிப் பணிமனையில் டாட்ராவின் அடியில் படுத்துக் கிடந்த நாட்கள்தான் எனக்கு அதிகம். லாரியைப் பற்றி என் கை அறிந்ததை எழுதுகிறேன். ஏவுகணையைப் பற்றி, அரசே வெளியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அதற்குமேல் கேட்டு எழுதியிருக்கும் தம்பிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

கேள்வி: அண்ணாச்சி, நான் டாரஸ் ஓட்டுகிறேன். லாரியில் வைத்தே ஏவுகணையை விடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தீ வந்தால் லாரி எரிந்துபோகாதா? நம்ம லாரி மாதிரிதானா அதுவும்?
– லாரி ஓட்டுநர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, உங்கள் வண்டியின் அடியில் ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். எஞ்சின், கேபின், பாடி எல்லாம் அதன்மேல்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சட்டமே முறுக்கிக்கொள்வது உங்கள் உடம்புக்கே தெரிந்திருக்கும். டாட்ராவில் இந்த ஏணி இல்லை. நடுவில் முதுகெலும்பு போல ஒரே ஒரு தடித்த குழாய். சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. குழாயின் இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். செக் நாட்டு டாட்ரா கம்பெனி 1923-இலேயே கார்களில் கொண்டுவந்த அமைப்பு இது. நம் நாட்டில் பி.இ.எம்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் இதை ராணுவத்துக்குச் செய்துகொடுத்தது. ஏவுகணை ஏற்றும் வண்டிக்கு எட்டுச் சக்கரம், எட்டும் இழுக்கும். எஞ்சினைக் காற்றுதான் குளிரவைக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ராஜஸ்தான் மணலில் அதன் அருமை தெரியும். ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கும். அது கைக்குப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

சுமை ஏற்றாத டாட்ராவை முதன்முதலில் பார்த்தபோது ஆக்சில் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். சக்கரங்கள் மேலே அகன்று, கீழே ஒடுங்கி, கால் வளைந்த ஆள் மாதிரி நின்றது. சுமை ஏறினால் நேராகிவிடும். அந்த வண்டி காலியாக ஓடுவதற்குப் பிறந்ததல்ல.

இனி உங்கள் கேள்வி. இடத்துக்கு வந்ததும் வண்டியிலிருந்து ஹைட்ராலிக் கால்கள் இறங்கித் தரையில் ஊன்றும். எடை டயரை விட்டுக் கால்களுக்குப் போய்விடும். மட்டம் சரிபார்த்த பிறகு, படுத்திருக்கும் ஏவுகணையை நிமிர்த்துவார்கள். பிருத்வி என்ற நம் ஏவுகணை என்றால் 4,400 கிலோ எடை, சுமார் 9 மீட்டர் நீளம், செங்குத்தாக நிற்கும். அடியில் இருக்கும் தகடு தீயைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். தீ வண்டிக்குப் பக்கத்தில் இருப்பது சில நொடிதான், அதற்குள் ஏவுகணை மேலே போய்விடும். பெயிண்ட் கருகலாம், வண்டி எரியாது. கால்களை மடக்கிக்கொண்டு உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கிளம்பிப் போகிற காரியம் எவ்வளவு பெரியது என்று கீழே குளச்சல் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: ஐயா, முதலில் பிருத்வி என்றார்கள், பிறகு பிரஹார், இப்போது பிரளய். பெயர் மட்டும்தான் மாறுகிறதா? உள்ளே என்ன மாறியது?
– பிளஸ் டூ மாணவி, தோவாளை

பதில்: மக்களே, நல்ல கேள்வி. உள்ளே மாறியதுதான் முக்கியம். அதை எனக்குத் தெரிந்தவரை விளக்கமாகவே சொல்கிறேன்.

1983 ஜூலையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 388 கோடி ரூபாயில் தொடங்கியது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன், திட்டத்துக்குத் தலைமை அப்துல் கலாம். பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்று ஐந்து. நம் நாகர்கோவிலில் பிறந்த சிவதாணுப் பிள்ளை அந்தக் குழுவில் இருந்தவர், பிற்பாடு பிரம்மோஸ் ஏவுகணை நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றவர். பிருத்வியின் திட்ட இயக்குநர் கர்னல் வி.ஜே. சுந்தரம். அவர் எங்கள் இ.எம்.இ. பிரிவுக்காரர். இதை எழுதும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது, மறைக்கவில்லை.

பிருத்வி ஏன் திரவ எரிபொருளில் வந்தது தெரியுமா? 1970-களில் ஹைதராபாத்தில் நம் ஆட்கள் சோவியத் நாட்டின் எஸ்.ஏ-2 என்ற விமான எதிர்ப்பு ஏவுகணையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படித்தார்கள். 'டெவில்' என்று அதற்குப் பெயர். அது முழு ஏவுகணையாக முடியவில்லை. ஆனால் அந்த உழைப்பில் திரவ எஞ்சின் செய்யும் கை பழகிவிட்டது. பிருத்வியின் எஞ்சினுக்கு வேர் அங்கேதான். கையில் இருந்ததை வைத்து முதல் வீட்டைக் கட்டினார்கள். 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிருத்வி முதன்முதலாகப் பறந்தது. ராணுவத்துக்கான முதல் வகை 1,000 கிலோ சுமையோடு 150 கிலோமீட்டர் போகும்.

அதன் தொட்டிகளில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்றில் சைலிடினும் ட்ரைஎத்தில் அமீனும் கலந்த எரிபொருள். மற்றொன்றில் செம்புகை நைட்ரிக் அமிலம். இரண்டும் தொட்டுக்கொண்டாலே தீப்பிடிக்கும், தீக்குச்சி வேண்டாம். எஞ்சினுக்கு அது வசதி. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு? உங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலத்தின் மூடியைத் திறக்கும்போது ஆசிரியர் உங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார் இல்லையா? இது அதைவிடப் பலமடங்கு கொடியது. பழுப்புச் சிவப்பாகப் புகை கிளம்பும். நெஞ்சுக்குள் போனால் அப்போது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தொட்டியை அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் ஹைட்ரஜன் ஃபுளோரைடு சேர்ப்பார்கள், அதுவும் விஷம்தான். ஜவான்கள் ரப்பர் உடை, முகமூடி மாட்டிக்கொண்டு இதைக் கையாள வேண்டும். பாலைவன வெயிலில் ரப்பர் உடை! அதோடு ஏவும் லாரி தனியாகப் போக முடியாது. எரிபொருள் டேங்கர், ஏவுகணை ஏற்றிவரும் வண்டி, தூக்கி வைக்கும் வண்டி, கட்டளை வண்டி என்று ஒரு ஊர்வலமே கூட வரும். ஊர்வலத்தை ஒளித்துவைப்பது கஷ்டம்.

பிரஹார் இங்கேதான் வருகிறது. 2011 ஜூலை 21 அன்று ஒடிசாவின் சாண்டிப்பூரில் முதல் சோதனை. நீளம் 7.3 மீட்டர், எடை 1,280 கிலோ, திட எரிபொருள். பிருத்வி லாரியில் ஒன்று நிற்கும் என்றால் இது ஒரே லாரியில் ஆறு. தூரம் அதே 150 கிலோமீட்டர், ஆனால் வெடிபொருள் 200 கிலோதான். அமிலம் இல்லை, டேங்கர் இல்லை. எரிபொருள் தொழிற்சாலையிலேயே உள்ளே வார்க்கப்பட்டு வருகிறது.

பிரளய் அதற்கு அடுத்த படி. 2021 டிசம்பர் 22 அன்றும் மறுநாளும் அடுத்தடுத்து முதல் இரண்டு சோதனைகள். 2025 குடியரசு தின அணிவகுப்பில் அதை டில்லியில் காட்டினார்கள். அதே வருடம் ஜூலை 28, 29 தேதிகளில், மிகக் குறைந்த தூரத்துக்கும் மிக அதிக தூரத்துக்கும் தனித்தனியாக விட்டுப் பார்த்தார்கள். 150-லிருந்து 500 கிலோமீட்டர் வரை போகும். இதுவும் திட எரிபொருள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாங்காய்க்கு எறிந்த கல் ஒரே வளைவில் போய் விழும், பாதி வளைவைப் பார்த்தாலே விழும் இடத்தைச் சொல்லிவிடலாம். பிரளய் அந்த வளைவை விட்டு வழியில் விலகித் திரும்பும். எதிரே தடுக்க நிற்பவன் போட்ட கணக்கு தப்பிவிடும்.

ஆக, பெயர் மாறியபோது அமிலம் தொட்டியிலிருந்து போனது, பின்னால் வந்த வண்டிகள் குறைந்தன, தயாராகும் நேரம் சுருங்கியது. தூரம் கூடியதைத்தான் செய்தியில் பெரிதாகப் போடுகிறார்கள். எனக்கு அந்த ரப்பர் உடைகளைக் கழற்றி வைத்ததே பெரிதாகப் படுகிறது.

கேள்வி: திட எரிபொருளில் ரப்பர் கலக்கிறார்களாமே, நம்ம தோட்டத்து ரப்பரா? விலை கூடுமா?
– ரப்பர் விவசாயி, குலசேகரம்

பதில்: ரப்பர் என்பது உண்மை. நம் மரத்துப் பால் அல்ல. எச்.டி.பி.பி. என்ற செயற்கை ரப்பர், முதலில் தேன் மாதிரி கெட்டித் திரவமாக இருக்கும். விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான்.

செய்முறையைச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். நீங்கள் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் காயப்போடுகிறீர்கள். அங்கே அந்தத் திரவ ரப்பரில் அமோனியம் பெர்குளோரேட் என்ற உப்பையும் அலுமினியத் தூளையும் போட்டு மாவு பிசைவதுபோலப் பிசைகிறார்கள். நூறு கிலோவில் ஏறத்தாழ 70 கிலோ அந்த உப்பு, 15 முதல் 18 கிலோ அலுமினியம், மீதிதான் ரப்பர். அந்தக் கலவையை மோட்டார் குழாய்க்குள் வார்த்து, இளஞ்சூட்டில் நாள்கணக்கில் வைத்து இறுகவிடுவார்கள். நடுவில் ஒரு துவாரம் விட்டிருக்கும். அது வட்டமா, நட்சத்திர வடிவமா என்பதைப் பொறுத்துத் தள்ளுவிசை கூடிக் குறையும், ஏனென்றால் தீ உள்ளிருந்து வெளியே எரிகிறது.

இதில் பயம் வெடிப்புதான். உங்கள் ஷீட்டில் ஒரு கீறல் இருந்தால் தரம் குறைத்து எடுப்பார்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு கீறல் இருந்தால் தீ அதற்குள்ளும் இறங்கும், எரியும் பரப்பு திடீரென்று கூடும், அழுத்தம் தாங்காமல் குழாயே வெடிக்கும். அதனால் ஒவ்வொரு மோட்டாரையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். திரவ எஞ்சினில் வால்வை மூடினால் தீ நிற்கும். திட எரிபொருளைப் பற்றவைத்தால் எரிந்து தீரும்வரை யாராலும் நிறுத்த முடியாது.

இன்னொன்று, அமோனியம் பெர்குளோரேட்டின் தொடக்கம் சாதாரண உப்புதான். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரேட் ஆக்கி, அதைப் பெர்குளோரேட் ஆக்குகிறார்கள். விண்வெளித் துறைக்கு அதைச் செய்யும் ஆலை கேரளத்தில் ஆலுவாவில் இருக்கிறது. புத்தளம் உப்பளத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கேள்வி: என் அப்பா 1991 வளைகுடாப் போரின்போது சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தார். ராத்திரி சைரன் கேட்டதும் ஈரத்துணியை வாசல் இடுக்கில் அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம். அமெரிக்காவிடம் அத்தனை விமானம் இருந்தும் அந்த ஸ்கட் லாரிகளை ஏன் பிடிக்க முடியவில்லை என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.
– வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் அப்பாவின் கேள்வியை உலகத்து ராணுவங்கள் எல்லாம் கேட்டன. நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அந்த இரண்டு மாதம் இங்கே எத்தனை வீடுகளில் ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

ஸ்கட் என்பது லாரியிலிருந்து விடும் சோவியத் ஏவுகணை. ஈராக் விட்டது அதன் மாற்றப்பட்ட வகை. தலைப்பகுதியின் எடையைக் குறைத்து, தொட்டியை நீட்டி, 300 கிலோமீட்டர் போவதை 600-க்கும் மேலே கொண்டுபோனார்கள். குறி சரியாக இருக்காது, இறங்கும்போது சிலது உடைந்தே விழும். ஆனாலும் லாரியில் போனது. பகலில் பாலத்துக்கு அடியிலும் கல்வெர்ட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் வெளியே வந்து விட்டுவிட்டு, விமானம் தலைக்கு மேலே வருவதற்குள் போய்விடும். மரத்தாலும் தகரத்தாலும் செய்த பொம்மை லாரிகளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். போர் முடிந்து அமெரிக்காவே ஆராய்ந்தபோது, விமானத்தாக்குதலில் ஒரு ஸ்கட் லாரியாவது அழிந்தது என்று ஐயமில்லாமல் நிரூபிக்க முடியவில்லை. இது புதிதும் அல்ல. 1944 செப்டம்பரில் ஜெர்மனி லண்டன்மேல் வி-2 ஏவுகணையை விடத் தொடங்கியபோது, நெதர்லாந்தின் ஹேக் நகரத்து மரங்களின் மறைவில் டிரெய்லரில் கொண்டுவந்து நிறுத்தித்தான் விட்டார்கள். அப்போதும் வானத்தில் நேச நாட்டு விமானங்கள்தான் நிறைந்திருந்தன.

1991 பிப்ரவரி 25 ராத்திரியை உங்கள் அப்பா மறந்திருக்கமாட்டார். தம்மாமுக்குப் பக்கத்தில் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் ஸ்கட் விழுந்து 28 பேர் இறந்தார்கள். தடுக்க வேண்டிய பேட்ரியாட் என்ற அமெரிக்க எதிர்ப்பு ஏவுகணை அங்கே இருந்தது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணும். பத்தில் ஒன்று, கணினி பயன்படுத்தும் 0, 1 என்ற ஈரிலக்க எண்முறையில் மிச்சமில்லாமல் எழுத வராது, கடைசியில் கொஞ்சம் வெட்டுப்படும். நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துணுக்குகள் சேர்ந்து 0.34 நொடி ஆகிவிட்டது. ஸ்கட் அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்திய மென்பொருள் மறுநாள் அங்கே வந்து சேர்ந்தது.

கேள்வி: 150 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல ஒரு கணக்குக் கொடுங்கள்.
– இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: சார், நாகர்கோவிலிலிருந்து சிவகாசிக்கு நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

காற்றை மறந்துவிட்டு 45 டிகிரியில் எறிவதாக வையுங்கள். தூரத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும்: நொடிக்கு சுமார் 1,210 மீட்டர், ஒலியைப்போல மூன்றரை மடங்கு. உச்ச உயரம் தூரத்தில் கால்பங்கு, அதாவது 37.5 கிலோமீட்டர். நேரம் 175 நொடி. பிரஹார் முதல் சோதனையில் எட்டியதாகச் சொன்ன உயரம் 35 கிலோமீட்டர், நேரம் ஏறத்தாழ 250 நொடி. கரும்பலகைக் கணக்கு உயரத்தில் எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். நேரம் கூடுவதற்குக் காற்றும், வேகம் பிடிக்க ஆகும் நேரமும் காரணம் என்று சொல்லலாம்.

அப்புறம் இதையும் கொடுங்கள். ஏவுகணை தன் வேகமாற்றத்தைத் தானே அளந்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அப்படி அளக்கும் கருவி புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் தவறு செய்தால் 250 நொடியில் எவ்வளவு விலகும்? பாதி × 0.0098 × 250 × 250. ஏறத்தாழ 306 மீட்டர். வடசேரி பஸ் நிலையத்தைக் குறித்தது ஒரு தெரு தள்ளி வீடுகள்மேல் விழும். பிரஹாருக்குச் சொன்ன துல்லியம் 10 மீட்டருக்குள். அந்த 306-ஐ 10 ஆக்குவதற்குத்தான் பல வருடம் உழைத்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மகேந்திரகிரியில் கேட்கும் இரைச்சல் ஏவுகணைச் சோதனையா? குலசேகரப்பட்டினத்திலிருந்தும் ஏவுகணை விடுவார்களா?
– வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: இரண்டும் இல்லை. மகேந்திரகிரி இஸ்ரோவின் இடம், செயற்கைக்கோள் ராக்கெட்டின் எஞ்சினைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள், அது சிறிய செயற்கைக்கோள் ராக்கெட்டுகளுக்கு. இலங்கையைச் சுற்றிப் போகாமல் நேர் தெற்கே விடலாம் என்பதால் அந்த இடம். ராணுவ ஏவுகணைகளின் சோதனை ஒடிசா கரையில், சாண்டிப்பூரிலும் அப்துல் கலாம் தீவிலும் நடக்கிறது.

கேள்வி: என் மகன் பீரங்கிப் படையில் சேர்ந்து நாசிக் ரோட்டில் பயிற்சியில் இருக்கிறான். ஏவுகணைப் பிரிவுக்குப் போட்டால் ஆசிட்டில் வேலை செய்யவேண்டும் என்று இங்கே ஒருவர் பயமுறுத்துகிறார். எனக்குத் தூக்கமில்லை.
– ஒரு தாய், நித்திரவிளை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பீரங்கிப் படை பெரியது. பீரங்கி, ராக்கெட், ரேடார், வயர்லெஸ், வண்டி என்று அதற்குள் நூறு வேலை. ஏவுகணைப் பிரிவுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். போனாலும், தோவாளைப் பிள்ளைக்கு மேலே எழுதியிருப்பதை யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள். பிருத்வியின் இடத்துக்குப் புதிதாக வருவது திட எரிபொருள். தொழிற்சாலையில் அடைத்து மூடி வருகிறது. ஜவான் கையால் ஊற்ற வேண்டியது ஒன்றுமில்லை. பழைய வகையிலும் முழு உடை, முகமூடி இல்லாமல் ஒருவரையும் பக்கத்தில் விடமாட்டார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு லாரி பேட்டரியைத் தூக்கும்போது ஆசிட் சிந்தி இடது முழங்கைக்குக் கீழே வெந்துபோனது. கையுறை பக்கத்துப் பெட்டியில் இருந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று நான் எடுக்கவில்லை. கூட இருந்த ஹவில்தார் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கையை வைத்து அரைமணி நேரம் தண்ணீர் விட்டார். அதனால்தான் தழும்போடு போயிற்று. ஆபத்து பெரும்பாலும் பெரிய ஏவுகணையிலிருந்து வருவதில்லை அம்மா, இப்படிச் சின்ன வேலையில்தான் வரும்.

மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இந்தத் தழும்பின் கதையைச் சொல்லுங்கள். லீவில் வரும்போது தக்கலைக்கு அனுப்பிவையுங்கள், கையைக் காட்டுகிறேன். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கும் கூட்டிப்போகிறேன். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்காகப் பீரங்கி வார்த்த இடம் அது, அவர் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. பீரங்கிப்படைப் பையன் பார்க்க வேண்டிய இடம்.